துணி மறைப்புக்குள் பார்த்தது

இன்று காலை ஒருவரைக் குளிப்பாட்டினேன். பிறகு நானும் குளித்து, சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவியும் சீயக்காய் வாசனை விடவில்லை. பேனாவைப் பிடித்திருக்கும் விரலிடுக்கில் இப்போதும் இருக்கிறது. அந்த வாசனை வந்தால் நீ பக்கத்தில் தண்ணீர் மக்கோடு நிற்பது போலத் தோன்றும். இன்றும் தோன்றியது. அழுகையெல்லாம் வரவில்லை. அது நின்று ரொம்ப நாளாயிற்று.

இறந்தவர் உனக்கும் தெரிந்தவர்தான். ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக இருந்த பெரியவர். உன் பஸ்ஸில் ஏறினால் கடைசி நிறுத்தம் வரை உன்னைத் திட்டிக்கொண்டே வருவாரே, அவர். தூக்கத்திலேயே போய்விட்டார். தானாகப் போனவர். நீ இல்லாமல் போன பிறகு நம் ஆட்களிடம் இப்படி ஒரு பேச்சு வந்திருக்கிறது. சாவு வீட்டு வாசலில் யாராவது “எப்படிப் போனாரு?” என்று கேட்டால் “தானாத்தான்” என்கிறார்கள். கேட்டவருக்கு முகம் தெளிந்துவிடுகிறது.

தானாகப் போனவர் என்று தெரிந்தும் அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். மணிக்கட்டைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். இப்போது என்னோடு தண்ணீர் ஊற்றுகிறவர் தையல்கடைக்காரர். “என்னண்ணே தேடுறீங்க?” என்றார். “ஒண்ணுமில்ல, அழுக்கு” என்றேன். ஒன்றும் இல்லைதான். எண்பது வருஷம் நடந்த கால், பித்தவெடிப்பு, அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. என் புத்தி அந்த லட்சணத்தில் இருக்கிறது.

குளிப்பாட்டி முடித்து, சுற்றிப் பிடித்திருந்த மறைப்புத் துணியை விலக்கியதும் பெரியவரின் மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மாமா, அப்பா உடம்புல ஒண்ணும் இல்லியே?” என்று கேட்டாள். இப்போதெல்லாம் எல்லோரும் கேட்கிறார்கள். நான் யோசிக்காமல் “ஒண்ணும் இல்லம்மா, சுத்தமா இருந்தாரு” என்றேன். சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக, துணிக்குள் பார்த்ததை வெளியே சொல்லியிருக்கிறேன். “இல்லை” என்று சொல்வதும் சொல்வதுதானே?

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டுச் சாப்பிடாமல், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாகேதாவுக்குப் பஸ் ஏறினேன். உன் வீட்டுக்காரியைப் பார்க்க. காமாட்சி இப்போது அங்கே தங்கச்சி வீட்டில்தான் இருக்கிறாள். மாதம் ஒரு தடவை போவேன். டீ கலந்து கொடுப்பாள். நான் பாதி குடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். “அன்னிக்கு என்ன பாத்தீங்கண்ணே?” நானும் ஒரே பதிலைச் சொல்வேன். “முகம் நல்லாத்தாம்மா இருந்துச்சு.” அதற்கு மேல் அவள் கேட்கமாட்டாள், நானும் சொல்லமாட்டேன். மூன்று வருஷமாக இதுதான் எங்கள் பேச்சு. இன்று வேறு பதில் சொன்னேன். அதை உனக்கும் தெரிவிக்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பார்த்ததை வெளியே சொல்வதில்லை என்ற விதி நம் இருவருடையதும் அல்லவா.

நம் ஆட்களின் ஈமக்காரியச் சங்கத்தில் சேர்ந்த புதிதில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து குளிப்பாட்டிய முதல் ஆள் நினைவிருக்கிறதா? மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையையே மிரட்டி வைத்திருந்த மனிதர். அவர் நடந்து வந்தால் மீன்காரிகள் பேச்சை நிறுத்துவார்கள். வழக்கம்போல உறவுக்காரர்கள் நாலு பேர் நாலு பக்கமும் துணியைப் பிடித்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். உள்ளே நீயும் நானும் அவரும். சட்டையைக் கழற்றினால் பனியன். பனியனில் ஒரு பக்கம்கூட முழுதாக இல்லை. கறுப்பு நூல், சிவப்பு நூல், பச்சை நூல் என்று கிடைத்த நூலால் அவரே தைத்திருக்கிறார். நமக்குச் சிரிப்பும் வந்தது, என்னமோ போலவும் ஆகிவிட்டது. வெளியே வந்து நீதான் சொன்னாய். “கோஜி, துணிக்குள்ள பாத்தது துணியோட போகட்டும்.” பர்மாக்காரர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கோஜி என்றுதான் கடைசிவரை கூப்பிட்டாய்.

சங்கத்தில் முன்னாலிருந்தே அந்த வழக்கம் உண்டு. குளிப்பாட்டுகிறவன் வாயைத் திறக்கக்கூடாது. ஆனால் நாம்தான் அதை விரதம் போலப் பிடித்துக்கொண்டோம். எத்தனை பேருடைய மறைவான வியாதி, எத்தனை பேருடைய பொய்ப்பல், சாயம் பூசிய நெஞ்சுமுடி. உன் வீட்டுக்காரியிடம் நீ சொல்லவில்லை, என் வீட்டுக்காரியிடம் நான் சொல்லவில்லை. இதனால்தான் ஊரில் எல்லோரும் நம்மைத் தேடி வந்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. என் பேட்டரிக் கடையில் வாங்கியதைக் குறை சொல்கிறவர்கள்கூட இந்த விஷயத்தில் என்னைக் குறை சொன்னதில்லை.

உன்னிடம் இன்னொரு கிறுக்கு இருந்தது. வெந்நீர் இல்லாமல் நீ யாரையும் குளிப்பாட்டமாட்டாய். “செத்தவருக்கு என்னடா சூடும் குளிரும்” என்று நான் அலுத்துக்கொள்வேன். “நமக்குத் தெரியுமா கோஜி?” என்பாய். சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக்கூடாது என்று பெண்கள் சத்தம் போடுவார்கள். நீ பக்கத்து வீட்டில் போய்க் கெஞ்சி ஒரு அண்டா வெந்நீர் வாங்கி வருவாய். மணிக்கட்டில் ஊற்றிச் சூடு பார்த்துவிட்டுத்தான் மேலே ஊற்றுவாய். பஸ் ஓட்டும்போது மட்டும் உனக்கு இந்த நிதானம் எங்கே போகும் என்று தெரியாது.

பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்த அந்தக் காலம் வந்தது. முதலில் தெருவிலேயே வைத்துச் சுட்டார்கள். அப்புறம் உள்ளே கூட்டிப்போக ஆரம்பித்தார்கள். நம் வார்டுத் தலைவரை, பர்மீஸில் சொல்கிற மாதிரி நாமும் லூஜி என்போமே, டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது யாரோ வந்து சுட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள். யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் நீ ஏன் கேட்கிறாய் என்று வரும். அன்று தெருவில் பாதிப் பேருக்கு உள்ளுக்குள் சந்தோஷம், ஆள் காட்டிக்கொடுத்தவர் அல்லவா. நீ மட்டும் சந்தோஷப்படவில்லை. “அவரு பொண்டாட்டியும் யாருகிட்டயாச்சும் கேக்கத்தானே செய்வா கோஜி, எப்படிப் போனாருன்னு” என்றாய்.

புதிய லூஜியாக மூலையில் வெற்றிலைக் கடை போட்டிருந்தவரைப் போட்டார்கள். பதினைந்து வருஷம் நீ அவரிடம்தான் வெற்றிலை வாங்கினாய். சுண்ணாம்பு கம்மி, புகையிலை ஜாஸ்தி என்று நீ வாயைத் திறப்பதற்கு முன்பே மடித்து நீட்டுவார். முதல் லூஜிக்கு ஆனது இவருக்கும் ஆகக்கூடாது என்று இவருக்கு ஒரு கைத்துப்பாக்கியும் லைசன்சும் கொடுத்தார்கள். அது கைலியில் நிற்கவில்லை. நடந்தால் கைலி முடிச்சு அவிழ்ந்து துப்பாக்கியும் கைலியும் சேர்ந்து இறங்கின. ஒருநாள் வார்டு ஆபீஸ் வாசலில் எல்லோர் முன்னாலும் இரண்டையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து பேண்ட் போட ஆரம்பித்தார். “துப்பாக்கி குடுத்தவங்க ஒரு பெல்ட்டும் சேத்துக் குடுத்திருக்கலாம்” என்று நீ டீக்கடையில் சொன்னாய். எல்லோரும் சிரித்தோம். தெருவில் அப்படிச் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு துப்பாக்கி சாதாரணமாகிவிட்டது. நகைக்கடைக்காரர் வாங்கினார். ஐஸ் கம்பெனி முதலாளியும் அவர் மச்சானும் வாங்கினார்கள். மேலிடத்துக்கு வேண்டியவன் என்றால் மனுப் போட்டால் போதும் என்றார்கள். மனுப் போடாமல் ஒளித்து வைத்திருக்கிறவர்களும் இருந்தார்கள். யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று தெரியாததால் ஊரே மரியாதையாகப் பேசக் கற்றுக்கொண்டது. இப்போது பஸ்ஸில் ஒருவன் என் காலை மிதித்தால் நான்தான் மன்னிப்புக் கேட்கிறேன். டீக்கடையில் நகைக்கடைக்காரர் மேஜைமேல் துப்பாக்கியை வைத்துவிட்டு, பக்கத்தில் சமோசாத் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். நானும் அதே மேஜையில் சாப்பிட்டிருக்கிறேன். முதல் தடவை நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். நாலாவது தடவை, தட்டுக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது.

நம் தெருச் செல்வியக்காவின் மகன் விஷயம் அப்போதுதான் நடந்தது. ஷ்வேப்யிதாவில் துணி வெட்டும் ஃபாக்டரியில் வேலை பார்த்தான். வேலை முடிந்து வரும் வழியில் சோதனைச் சாவடியில் போனை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். போனில் ஏதோ ஒரு படம். நாலாம் நாள் வந்து உடம்பை எடுத்துப் போகச் சொன்னார்கள். காய்ச்சல் என்று காகிதம். இருபத்துநாலு வயது. நீயும் நானும்தான் குளிப்பாட்டினோம். நீ வெந்நீரை மணிக்கட்டில் பார்த்துவிட்டு, அவன் பாதத்தில் ஊற்றும்போது நிறுத்தினாய். மக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே தண்ணீரை அள்ளி அள்ளி விட்டாய். நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வெளியே துணி பிடித்திருந்தவர்கள் என்ன இவ்வளவு நேரம் என்று முனகினார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் செல்வியக்கா உன்னிடம் வந்து “எம் புள்ள கஷ்டப்பட்டானாய்யா?” என்று கேட்டாள். நீ சொல்லிவிட்டாய். பார்த்த எல்லாவற்றையும், ஒன்று விடாமல்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. டிப்போவில் நின்றிருந்த உன் பஸ்ஸுக்குள் ஏறி, காலி சீட்டுகளுக்கு நடுவே நின்று உன்னைக் கத்தினேன். இத்தனை வருஷம் காப்பாற்றியதை ஒரு நாளில் தெருவில் போட்டாய், இனி யார் நம்மை நம்பி உடம்பைத் தருவார்கள், பெற்றவளுக்கு அதைச் சொல்லி என்ன புண்ணியம் என்று என்னென்னவோ கேட்டேன். பயத்தை நான் சொல்லவில்லை. எனக்கு இருந்தது பயம்தான். நீ ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். கடைசியில் சொன்னாய்.

“கோஜி, நம்ம விதி செத்தவனோட மானத்துக்கு. அடிச்சவனோட மானத்துக்கு இல்ல.”

நான் இறங்கி வந்துவிட்டேன். எட்டு நாள் உன்னோடு பேசவில்லை. இன்றைக்கு நினைத்தால் அந்த எட்டு நாளையும் அரைமணி நேரமாகவாவது திருப்பிக் கொடு என்று யாரிடமாவது கேட்கலாம் போலிருக்கிறது. கேட்க ஆள் இல்லை.

செல்வியக்கா சும்மா இருக்கவில்லை. எந்த அம்மா இருப்பாள்? வார்டு ஆபீசுக்குப் போய், என் மகன் உடம்பில் இன்ன இன்ன இடத்தில் இன்ன இன்ன காயம் இருந்தது, யார் செய்தது, பெயர் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். லூஜி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டாராம். எழுதி முடித்து, “இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?” என்று ஒன்றே ஒன்று கேட்டாராம். நல்லது செய்தவன் பெயரைச் சொல்ல என்ன பயம் என்று அவள் உன் பெயரைச் சொல்லிவிட்டாள். அவளை நான் குற்றம் சொல்லவில்லை. அவள் இப்போது நம் தெருவில் இல்லை. எங்கே என்று எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் காலை, வெயில் ஏறும் நேரத்தில், டிப்போவில் நீ பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள், லூஜி, லூஜியோடு ஐஸ் கம்பெனி மச்சான். போலீஸ்காரர்களிடம் துப்பாக்கி இருந்ததை யாரும் சொல்லவில்லை. இவர்கள் இருவரிடமும் இருந்ததைத்தான் டிப்போவில் எல்லோரும் சொன்னார்கள். லூஜி உன்னிடம், “சும்மா ரெண்டு கேள்விதான், வெத்தல போடுற நேரத்துல வந்துடலாம்” என்றாராம். நீ கையைத் துடைத்துக்கொண்டு, மடித்துவிட்டிருந்த கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு போனாயாம். பஸ்ஸில் பாதிதான் கழுவியிருந்தது.

மூன்றாம் நாள் மதியம் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று இதில் எழுதவில்லை, உனக்குத்தான் தெரியுமே. காமாட்சியால் நிற்க முடியவில்லை, அதனால் குடும்பத்தின் சார்பில் நான் போனேன். ஒரு அதிகாரி மேஜையில் காகிதத்தை வைத்தார். மாரடைப்பு, உடம்பில் காயம் இல்லை, புகார் கிடையாது, பரிசோதனை வேண்டாம். நான் பர்மீஸ் நன்றாகப் படிப்பேன் என்று நீயே பெருமையாகச் சொல்வாய். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அன்று ரொம்ப அழகாக வந்தது. அது ஏன் என்று இன்றுவரை புரியவில்லை.

அதோடு முடியவில்லை. உன்னைப் பிளாஸ்டிக்கில் கட்டி வைத்திருந்தார்கள். “பிரிக்கக் கூடாது. நேரா சுடுகாட்டுக்கு” என்றார் அதிகாரி. அங்கேதான் நான் அந்த வேலையைச் செய்தேன். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். “ஐயா, எங்க ஆளுங்க குளிப்பாட்டாம எரிக்கமாட்டாங்க. குளிப்பாட்டப் போறது நான் ஒருத்தன்தான். எங்க வழக்கப்படி, குளிப்பாட்டுறவன் பாத்ததை வெளிய சொல்லமாட்டான். பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லமாட்டான். பதினெட்டு வருஷமா நான் சொன்னதில்ல. ஊரைக் கேட்டுப் பாருங்க.”

அவர் காகிதத்தை மடித்து உறைக்குள் போட்டார். பிறகு சிரித்தார். “நல்ல வழக்கம்” என்றார்.

உன்னை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் விதியைக் கொடுத்து உன்னை வாங்கி வந்தேன்.

உன் வீட்டில் அன்று கரண்ட் இல்லை, காஸ் தீர்ந்திருந்தது. பெண்கள் போட்ட சத்தத்தைக் காதில் வாங்காமல் கரி அடுப்பில் நானே வெந்நீர் வைத்தேன். நாலு பேர் துணியைப் பிடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்கு முன்பாக உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். காமாட்சியும் வந்து வைத்தாள். கழுத்துவரை நான் போர்த்தியிருந்தேன். முகம் நன்றாகத்தான் இருந்தது. முகத்தை அடிக்கிறவர்கள் தொடுவதில்லை, உறவுக்காரர்கள் பார்க்கிற இடம் அது. அவள் போன பிறகு துணிக்குள் உன்னோடு நான் ஒருவன்தான். மணிக்கட்டில் வெந்நீரைப் பார்த்தேன். அன்று கண்ணீர் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. காதுக்குப் பின்னால் சோப்புத் தங்கியிருக்கிறதா, அக்குள் நன்றாக அலம்பியாயிற்றா என்றுதான் மனம் ஓடியது.

லூஜியும் வந்திருந்தார். பேண்ட், பெல்ட், துப்பாக்கி. செருப்பை மட்டும் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கும்பிட்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்தார். துணி பிடித்திருந்தவர்களைத் தாண்டி என்னைப் பார்க்க முயன்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். போகும்போது என் தோளைத் தட்டி, “நல்ல மனுஷன்” என்றார். உன்னைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று தெரியவில்லை. இப்போதும் தெருவில் பார்த்தால் இருவரும் தலையை ஆட்டிக்கொள்கிறோம்.

உன்னை அடித்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை, எந்த மேஜையிலும் அது விசாரணைக்கு வரவில்லை. வந்தாலும் முதல் காகிதமாக என் கையெழுத்துத்தான் மேலே இருக்கும், காயம் இல்லை என்று. காமாட்சியிடம் நான் வாயைத் திறக்காததற்கு எத்தனையோ காரணம் சொல்லிக்கொண்டேன். விதி என்றேன். அவளுக்கு வேதனை வேண்டாம் என்றேன். அவள் கேட்டதை நாலு இடத்தில் சொல்லி, செல்வியக்காவுக்கு ஆனது இவளுக்கும் ஆகும் என்றேன். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. பெரிய உண்மை, நான் அந்த அதிகாரிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன் என்பது. அவர் என்னை மறந்தே போயிருப்பார். நான்தான் நாணயமாக நடந்துகொண்டிருந்தேன்.

இன்று மதியம் காமாட்சி தரையில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். உங்கள் மகள் ஜன்னலோரம் போனில் யாரோடோ பர்மீஸில் பேசிக்கொண்டிருந்தாள். டீ வந்தது. பாதி குடித்தேன்.

“அன்னிக்கு என்ன பாத்தீங்கண்ணே?”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். பாதத்திலிருந்து ஆரம்பித்தேன். உள்ளங்கால் இரண்டும், முழங்காலுக்குக் கீழே எலும்பின் நீளத்துக்கு, மணிக்கட்டில் கட்டிய தடம், முதுகு, இடது கையில் இரண்டு நகம். காகிதத்தைச் சொன்னேன். அதிகாரியிடம் நான் கொடுத்த வாக்கையும் அவர் சிரித்ததையும் சொன்னேன். பேட்டரியில் எத்தனை செல் போயிருக்கிறது என்று வாடிக்கையாளருக்குச் சொல்கிற குரல்தான் எனக்கு வந்தது. அவள் கை நிற்கவில்லை. கல்லை எடுத்து ஒரு பக்கம் போட்டாள், பயற்றை ஒரு பக்கம் தள்ளினாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று சத்தம் போடுவாள், எழுந்து போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

“இவ்வளவுதானா?” என்றாள்.

“இவ்வளவுதாம்மா.”

“காது?”

“காதுக்கு ஒண்ணும் இல்ல.”

“நாக்கு?”

“வாய்க்கரிசி போடுறப்ப பாத்தேன். நல்லா இருந்துச்சு.”

“கண்ணு?”

எனக்குப் புரியவில்லை. “கண்ணுக்கு என்னம்மா?”

“ரெண்டு கண்ணும் இருந்துச்சா?”

“நீயே எண்ணெய் வைக்கிறப்ப முகத்தப் பாத்தியேம்மா.”

“மூடியில்ல இருந்துச்சு. உள்ள இருக்கா இல்லையான்னு மூடுன இமையப் பாத்து எனக்கு எப்படிண்ணே தெரியும்? நீங்க வர்றப்பல்லாம் ‘முகம் நல்லாருந்துச்சு, முகம் நல்லாருந்துச்சு’ன்னு முகத்தையே சொன்னீங்க. அப்ப முகத்துலதான் என்னமோ பண்ணியிருக்காங்க, அத மறைக்கத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்.”

“இருந்துச்சும்மா” என்றேன். “வலது இமை கொஞ்சம் தெறந்திருந்துச்சு. நாந்தான் மூடுனேன். ரெண்டும் இருந்துச்சு.”

அப்போதுதான் அவள் கை நின்றது. முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். “மூணு வருஷமாண்ணே” என்றாள். “கண்ணு இல்லாத ஆளாத்தாண்ணே அவர நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

மகள் போனை வைத்துவிட்டு என்னம்மா என்று பர்மீஸில் கேட்டாள். காமாட்சி ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். எனக்கு இன்னொரு டம்ளர் டீ ஊற்றினாள். அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இதுதான் நடந்தது. உன்னை அடித்தவர்கள் உன் கண்ணைத் தொடவில்லை. மூன்று வருஷம் அவளிடமிருந்து அதைப் பிடுங்கி வைத்திருந்தவன் நான். இனி என்னிடம் இருக்கப்போவது இந்த நினைப்பு ஒன்றுதான்.